எட்டுப் புதன்கிழமையும் நான்தான் போனேன்

ஜெனி அப்பா,

செம்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு நூர் நிஷா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்றைக்கு மாஹிம் மாதா கோயிலுக்கு நான் போகமாட்டேன். ஜெனி டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் முழங்கால் போட்டு, பிள்ளை பிழைத்தால் ஒன்பது புதன்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிறேன் என்று ஆண்டவரிடம் அழுதது நீங்கள். முதல் வாரமே பட்டறையில் அர்ஜெண்ட் ஆர்டர் வந்துவிட்டது. "நீ போனா என்ன, நான் போனா என்ன, புருசன் பொண்டாட்டி ஒண்ணுதானட்டி" என்று என்னை அனுப்பினீர்கள். எட்டு வாரமும் அப்படித்தான். தலையாட்டிவிட்டுப் போனது என் தப்பு.

போன வாரம் வரிசையில் நிற்கும்போது, அடுத்தவர் பெயரில் பரீட்சை எழுதப் போனவள் மாதிரி கூசிப்போனேன். வீட்டுக்கு வந்து சொன்னால், "ஒரு வாரந்தான பாக்கி, நீயே முடிச்சிரு" என்கிறீர்கள். உங்கள் கணக்கில் ஒரு வாரம்கூட இன்னும் தொடங்கவில்லை.

மெழுகுவர்த்தி டிவி மேல் இருக்கிறது. மழை வந்தால் குடை கதவுக்குப் பின்னால்.

இன்னொன்று. அப்பாதான் தனக்காக வாராவாரம் கோயிலுக்குப் போகிறார் என்று ஜெனி நம்பிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத் தானும் வருவேன் என்றாள். அப்பா கூட்டிக்கொண்டு போவார் என்று சொல்லிவிட்டேன். ஐந்து மணிக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். வர முடியாது என்றால் அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.