தாளம் தப்பிய கைதட்டு

எல் மைத்தேனல்,
செப்டம்பர் 20

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நாயும் சுகம், செர்ரி மரங்கள் இந்த வாரம்தான் பூத்தன. அங்கே பில்பாவோ மழையில் நீயும் உன் தோழி நோயேலியாவும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் மானம் மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. ஓல்கா அத்தை வீடியோ அனுப்புவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா அதைப் பிடுங்கிக் கதையை முடிவிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

பதினெட்டாம் தேதி சுதந்திரத் திருநாளுக்கு வழக்கம்போல் யூகலிப்டஸ் கிளை வேய்ந்து பெரிய பந்தல் போட்டோம். கைக்குட்டை வீசி ஆடும் முதல் குவேக்காவை மேயர் இர்மாவும் குதிரைக்காரர் சங்கத் தலைவர் நிபால்தோவும் ஆட வேண்டும். ஆனால் நிபால்தோவின் காலை அவன் குதிரையே மிதித்துவிட்டது, கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். வேறு யாராவது ஒரு ஆம்பளை வாங்கப்பா என்று இர்மா கூப்பிட்டதும் ஊரில் உள்ள ஆம்பளைகள் எல்லாரும் தட்டிலிருந்த எம்பனாடாவுக்குள் என்ன பூரணம் இருக்கிறது என்று குனிந்து ஆராயத் தொடங்கினார்கள். உன் அம்மா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். போய் நின்றேன், நெஞ்சை நிமிர்த்தினேன், பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தலைக்கு மேலே ஒரு உதறு உதறினேன். அது என் வெள்ளைக் காலுறை. துணி மடித்தது அம்மா, எனவே தப்பு அவளுடையது என்று நான் சொல்கிறேன், எடுத்தது யார் கை என்று அவள் கேட்கிறாள். பந்தலே குலுங்கிச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், அதோட ஜோடி எங்கய்யா, அதையும் எடுத்து ஆடு என்று கத்தினான். பஞ்சர் கடைக்காரனான என் முகத்தில் அன்றைக்குக் காற்றே இல்லை.

இர்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தாள். சரி, காலுறையோட நான் ஆடமாட்டேன், இந்த வருஷம் முதல் ஆட்டம் புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு என்றாள். யார் தெரியுமா? மருத்துவச்சி கிராசியேலாவும் குரிக்கோ பஸ் ஓட்டுகிற மரித்சாவும். ஜூலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நான்கு பேர்தான் போயிருந்தார்கள். இருவரும் எழுந்து வந்தார்கள். கிதார் தொடங்கியது. ஆனால் கை ஒன்றும் அசையவில்லை. குவேக்காவுக்குக் கூட்டம் தட்டினால்தானே உயிர்? பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் கிராசியேலா, மீதிப் பாதியைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறவள் மரித்சா, அவர்களுக்கு இந்த அமைதி.

உனக்கு நான் ஆறு வருடத்துக்கு முந்தைய பதினெட்டை நினைவூட்ட வேண்டியதில்லை. நீயும் நோயேலியாவும் கைக்குட்டையோடு எழுந்ததும் நிபால்தோ கிதாரை நிறுத்தச் சொன்னானே, ஆணும் பொண்ணும் ஆடுறதுதான் நம்ம ஆட்டம் என்றானே. நான் வெளியே அடுப்பில் இறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே வந்தபோது உங்கள் நாற்காலிகள் காலி. அதற்குப் பிறகு நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கிறாய், செப்டம்பருக்கு வந்ததே இல்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் உன் பங்கு எம்பனாடாவைச் சேர்த்தே சுடுகிறாள், நான்தான் தின்கிறேன், என் வயிற்றுக்கு அதுதான் காரணம்.

இந்தத் தடவை நான் உள்ளேதான் இருந்தேன். தட்டினேன். என் தாளம் உனக்குத் தெரியும், சர்ச்சில்கூட என்னைத் தூணுக்குப் பின்னால்தான் உட்காரவைப்பார்கள். பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பந்தல் முழுக்க என் ஒற்றைத் தட்டு மட்டும். ஆடுகிற இருவருக்கும் கால் பின்னிக்கொண்டது. கிதார்க்காரன் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். விடவில்லை நான். அப்போது நிபால்தோ கத்தினான், யோவ் ஒசியேல், நிறுத்துய்யா, முதல் ஆட்டத்தையே பஞ்சராக்கிடுவ போலிருக்கு என்று. கத்திவிட்டு, எனக்குச் சரியான தாளத்தைக் காட்டுவதற்காகத் தானே தட்ட ஆரம்பித்தான். அவன் தட்டினால் சங்கம் தட்டும், சங்கம் தட்டினால் ஊர் தட்டும். என் சத்தத்தை அமுக்குவதற்காகவே மொத்தப் பந்தலும் தட்டியது மகளே! கிராசியேலாவின் கைக்குட்டை சுழன்றது, மரித்சா பஸ்ஸை வளைவில் திருப்புவதுபோல் ஒரு திருப்பு திருப்பினாள், ஓல்கா விசிலடித்தாள். மூன்று சுற்றும் முடியும்வரை நிபால்தோ நிறுத்தவில்லை, கட்டுப்போட்ட காலையும் ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு சிச்சா குடிக்கும்போது என்னிடம் நொண்டிக்கொண்டு வந்து, உன் தாளம் தாங்க முடியாமத்தான் தட்டுனேன், வேற எதுவும் நெனச்சுக்காத என்றான். நான் எதுவும் நினைக்கவில்லை, இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நாட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பாய், சிரி. முதல் கணவனை விட்டுப் பிரிந்த ஓல்கா அத்தை செகுந்தோவோடு எத்தனை வருடம் வாழ்ந்தும், விவாகரத்துச் சட்டம் வந்து செகுந்தோவைக் கட்டிக்கொள்ளும்வரை இந்த ஊர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கொடியேற்ற அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். சட்டம் தலைநகர் சாந்தியாகோவில் பிறந்துவிடுகிறது, ஆனால் மரித்சாவின் பஸ் மாதிரி எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் நம் ஊருக்கு வருகிறது. நாம்தான் போய்க் கையைக் காட்ட வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு இந்த நாட்டை நினைத்து எனக்கு நெஞ்சு விம்மியது, கொடியைப் பார்த்து அல்ல.

ஆட்டம் முடிந்ததும் இர்மா, முதல்ல கைதட்டினவர் ரெண்டு வார்த்தை பேசணும் என்று மைக்கை என் கையில் திணித்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள். மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனேன். யாரோட நீல வண்டியோ வழியை மறிச்சு நிக்குது, உடனே எடுங்க என்று சொல்லிவிட்டேன். அது நம் வண்டி.

அம்மா கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறாள், இரண்டு ஜோடி, ஒன்று நோயேலியாவுக்கு. ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. உங்கள் இருவரையும் கடவுள் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், சேர்ந்து சிரித்துக்கொண்டே இருங்கள். அடுத்த செப்டம்பருக்கு விடுமுறை இப்போதே கேட்டு வை. வரும்போது நல்ல கைக்குட்டை இரண்டு கொண்டு வா, இந்த வீட்டில் இருப்பதை நம்ப முடியாது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா ஒசியேல்

வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வாய்வரை வந்து நின்றது இதுதான்: அடுத்த வருஷம் முதல் ஆட்டம் என் பொண்ணும் என் மருமகளும் ஆடுவாங்க.