பிளக்குக்குள் மடித்து வைத்த பச்சை ஒயர்

மாப்ள,

இன்று காலை ஒரு ஆளை அறைந்துவிட்டேன். நாமகிரிப்பேட்டைக்காரர், மஞ்சள் வியாபாரம், நம் வயதுதான் இருக்கும். பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி ஒன்றைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு, என்னிடம் இருப்பதோடு மாற்றிக்கொள்ள நாமக்கல் வரைக்கும் வந்திருந்தார். என் லாரிப் பட்டறையில் இறக்கி வைத்துவிட்டு, அதன் பிளக்கைச் சுவரில் செருகப் போனார். நான் பிடுங்கி, ஸ்க்ரூ டிரைவரால் திறந்து பார்த்தேன். உள்ளே பச்சை ஒயர் எர்த் பின்னில் மாட்டாமல், மடித்து, டேப் சுற்றி, ஓரமாகப் படுத்திருந்தது. பழைய இன்சுலேஷன் டேப்பின் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. அதுவரைதான் ஞாபகம். அடுத்து என் உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது, அவர் லாரி டயரோடு சாய்ந்து கிடந்தார்.

"ஏனுங்க, என்னத்துக்குங்க அடிச்சீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன். உன்னைக் கொன்றது அப்படி மடித்து வைத்த ஒரு பச்சை ஒயர். மடித்து வைத்தவன் நான்.

நம் பழக்கமே கன்னத்தில் விழுந்த ஓர் அறையில்தான் ஆரம்பித்தது. நீ திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்க்கிணறு போடுகிறவன். நான் லாரிக்கு ஒயரிங் செய்கிறவன். இரண்டு பேருக்கும் பேஸ் கிட்டார் வேண்டாத வியாதியாக ஒட்டிக்கொண்டது. கச்சேரி கிடையாது, கைதட்டல் கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உண்டு. நீ இடது கைக்காரன் வேறு. இடது கைக்கென்று செய்த பேஸ் நம் பக்கம் எங்கே கிடைக்கிறது? வலது கை கிட்டாரை வாங்கிக் கம்பிகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டுத்தான் வாசிப்பாய். அப்படி மாற்றிக்கொள்ள என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு உன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போனாய். நான் கொடுத்ததன் கழுத்து வளைந்திருந்தது. கம்பிகளைத் தளர்த்தி, சுருதியை இறக்கி, வளைவு கண்ணில் படாமல் பண்ணிக் கொடுத்திருந்தேன். நீ வீட்டுக்குப் போய்க் கம்பியை முறுக்கிச் சுருதி ஏற்றியதும் குட்டு உடைந்துவிட்டது.

மறுநாள் லாரிக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாய். எழுந்து நிற்க விட்டாய், அதைச் சொல்ல வேண்டும். பிறகு இடது கையால் ஓங்கி ஒன்று, என் வலது கன்னத்தில். கடைவாய்ப் பல் ஆடிப் போனது. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். நீ அசையவே இல்லை.

"இருடா. அறைஞ்சாச்சு, தீந்துச்சு. உன்ற கிட்டாரு எங்கிட்டயே இருக்கட்டும், என்றது உங்கிட்டயே இருக்கட்டும். டீ சொல்லு" என்றாய்.

ரத்தமும் டீயுமாகக் கலந்து குடித்தது அன்று ஒரு நாள்தான். ஆனால் நீ சொன்னதே பிறகு நம் கூட்டத்துக்குச் சட்டமாகிவிட்டது. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆறேழு பேர், ஆளுக்கு ஒரு தொழில், கையில் இருப்பதை மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கிற பைத்தியங்கள். யாராவது குறையை மறைத்துக் கைமாற்றினால் பொருள் திரும்பாது. வாங்கினவன் ஓங்கி ஓர் அறை அறையலாம். அதோடு பேச்சு முடிந்தது, சாகும்வரை சொல்லிக்காட்டக் கூடாது. வெளியாள் பார்த்தால் காட்டுமிராண்டிகள் என்பான். எனக்குப் பிடித்திருந்தது. வருஷக்கணக்கில் மனசில் வைத்துக் குமைவதைவிட ஒரு நிமிஷம் காது ரீங்காரம் போடுவது எவ்வளவோ மேல். நானும் வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் அறைந்ததெல்லாம் இடது கன்னத்தில். உன்னுடையது மட்டும் வலது கன்னத்தில் விழும்.

சட்டத்துக்குள் வராதவர்களை நீ என்ன செய்வாய் என்பதை அயோத்தியாப்பட்டணத்தில் பார்த்தேன். அங்கே ஒரு புரோக்கர் நம் கூட்டத்து ஜலகண்டாபுரம் தறிக்காரருக்கு ஒட்டுப் போட்ட பேஸைப் புதுசு என்று தள்ளிவிட்டிருந்தான். நாம் மூன்று பேரும் கேட்கப் போனோம். தறிக்காரர் சண்டை தெரியாத மனுஷர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பொய் சொல்லிப்போட்டீங்களேங்க" என்றுதான் ஆரம்பித்தார். அவன் சிரித்தான். "தறி ஓட்டறவனுக்கு எதுக்குய்யா கிட்டாரு?" என்றான்.

நீ அந்த ஒட்டுப் போட்ட பேஸையே கழுத்தைப் பிடித்துச் சுழற்றினாய். அதன் உடம்பு அவன் வாயில் போய் இறங்கியது. தரையில் இரண்டு பல் கிடந்ததை நான் பார்த்தேன். உள்ளேயிருந்து நான்கு பேர் வந்தார்கள். மைக் ஸ்டாண்டின் இரும்புக் காலால் ஒருவன் முழங்காலில் அடித்தேன், என் விலாவில் எவனோ மிதித்தான், தறிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் யாரையோ குத்திக்கொண்டே இருந்தார். எப்படியோ காரில் ஏறித் தப்பினோம். உன் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைக்க, மடியில் கிடந்த பேஸை என்னிடம் நீட்டி, "கழுத்து நேரா இருக்குதான்னு பாரு மாப்ள" என்றாய். தறிக்காரர் அழுதுகொண்டே சிரித்தார். அன்றிலிருந்து உனக்காக உயிரைக் கொடுக்கிற ஆளாகிவிட்டார்.

இனி உன்னைக் கொன்ற அந்த ஆம்ப். அது முதலில் என்னுடையது. நல்ல கனமான குரல், ஆனால் 'ம்ம்ம்' என்று ஓயாத ஓர் இரைச்சல். நம் ஆட்கள் ஆம்ப் வாங்கும்போது வாசித்துப் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா? சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு, கம்பியைத் தொடாமல், ஒரு பேச்சுப் பேசாமல் நின்று கேட்பார்கள். அதில் தேறாத ஆம்பை எவனும் தொட மாட்டான். தறிக்காரரிடம் ஐந்து கம்பி பேஸ் ஒன்று இருந்தது. அதன்மேல் எனக்கு வெறி. அவர் வருவதற்கு முன்னால் பிளக்கைத் திறந்து, பச்சை ஒயரைக் கழற்றி, மடித்து, டேப் சுற்றி மூடினேன். எர்த் வழியாக வந்துகொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. வெளியே பார்த்தால் மூன்று பின்னும் ஒழுங்காக இருக்கும். ஆம்பை அவர் எடுத்துப் போனார், ஐந்து கம்பி பேஸ் எனக்கு வந்தது.

ஒயரிங் செய்கிறவன் நான். எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் நாளெல்லாம் பிடித்துக்கொண்டிருப்பது லாரி ஒயர், இருபத்து நாலு வோல்ட். வெறுங்கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. பல வருஷம் அதிலேயே கிடந்தவனுக்கு வீட்டுக் கரண்டின் மேலிருந்த பயம் விட்டுப் போயிருந்தது. கண்டுபிடித்தால் தறிக்காரர் ஓர் அறை அறைவார், அவர் கையில் என்ன பலம் இருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே குத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் அதை இரண்டு மாதம் வைத்திருந்தார். தன் தறியில் நெய்த கறுப்புத் துணியை முன்பக்கம் புதுசாக மாட்டி, அழகு பண்ணி, உனக்கு மாற்றிவிட்டார். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐந்து கம்பி பேஸைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். பொருள் திரும்பாது என்பதுதான் சட்டம், அதுகூட எனக்கு நம்பிக்கை போதவில்லை.

ஆடி மழையில் ரிக் வேலை நின்று நீ வீட்டோடு இருந்த சமயம். வண்டி நிறுத்தும் கொட்டகையில், வண்டியைக் கழுவிய ஈரம் காய்வதற்குள், செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்க நின்றிருக்கிறாய். "பேஸு காதுக்கு இல்ல மாப்ள, உள்ளங்காலுக்கு" என்பாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு ரப்பர் செருப்பைப் போட்டுத் தொலைத்திருந்தால் என்ன? ஆம்புக்குள் எங்கோ ஓர் ஒயர் தேய்ந்து தகரத்தைத் தொட்டிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், நீயும் யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாய். எர்த் இல்லை. கரண்ட், கிட்டாரின் கேபிள் வழியாகக் கம்பிக்கு வந்து, உன்னைப் பிடித்துக்கொண்டது. உன் மனைவி ஓடி வந்து, காய்ந்த தென்னை மட்டையால் உன் கையை அடித்து அடித்துக் கம்பியிலிருந்து பிரித்திருக்கிறாள். உன் இடது கையில் இரண்டு விரல் ஒடிந்திருந்தது அவள் அடித்ததில்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் வந்திருந்தோம். ஆம்ப் தறிக்காரரிடமிருந்து வந்தது, துணி மாற்றினவர் அவர், அதனால் உள்ளே கை வைத்தவரும் அவர்தான் என்று உன் தம்பி முடிவு கட்டிவிட்டான். சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். "நான் உள்ள கையே வெக்கலீங்க, சாமி சத்தியமா வெக்கலீங்க" என்று அவர் கத்தக் கத்த, இரும்பு நாற்காலியைத் தூக்கி அவர் காதோடு சேர்த்து அடித்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. பங்காளிகள் சேர்ந்து மிதித்தார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். தடுக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நேரத்தில் உன் மனைவி கொட்டகைக்குள் போய், ரிக் சம்மட்டியை எடுத்து, ஆம்பை உடைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. ஒயர் அறுந்து பிளக் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நான் செய்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. ஒளித்துவிட்டேன்.

ஒன்பது மாதம் கழித்துத் தறிக்காரர் என் பட்டறைக்கு வந்தார். தன்னிடமிருந்த பேஸ், கேபிள், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். "இடது காது கேக்கறதே இல்லீங்க. கீழ்ச் சுருதி ஒண்ணும் புடிபடல. யாருக்காச்சும் குடுத்துப் போடுங்க" என்றார். "தப்பு எம்மேலயாத்தான் இருக்குமோ என்னமோ. துணி மாத்தறப்ப எதையாச்சும் தட்டிப்போட்டனோன்னு தெனமும் ரோசனை பண்றனுங்க" என்றார்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேஜை டிராயரைத் திறந்து பிளக்கை எடுத்து, அவர் முன்னால் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அறைந்தார். அவர் கையில் பலம் இல்லை என்று நினைத்தேன் அல்லவா? பெஞ்சோடு போய் விழுந்தேன்.

"தீந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"என்ற பங்குக்குத் தீந்துச்சுங்க. மீதி திருச்செங்கோட்டுல இருக்குது. வண்டியில ஏறுங்க."

உன் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் தம்பி பாய்ந்து வந்து என் கழுத்தைப் பிடித்தான். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. தங்கச்சி, உன் மனைவிதான், "அவரத் தொடாத" என்றாள். பிளக்கை வாங்கிப் பச்சை ஒயரைத் தன் விரலால் நிமிர்த்தினாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்து, "தறிக்காரண்ணங்கிட்டப் போயிக் கன்னத்தக் காட்டுடா" என்றாள். அவன் போய் நின்றான். தறிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓங்கி அறைந்து, "தீந்துச்சு சாமி" என்றார். அந்தத் தடியன் அவர் தோளில் விழுந்து கேவிக் கேவி அழுதான்.

நான் அவள் முன்னால் போய் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். "அறைஞ்சிரு அம்மிணி. அவன் இருந்திருந்தா அதத்தான் பண்ணியிருப்பான்" என்றேன்.

"உங்க சட்டம் எனக்குத் தெரியாதுங்களாண்ணா? அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே" என்றாள். கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். "அறைஞ்சா தீந்துரும். இது தீர வேண்டாமுங்க. போயிட்டு வாங்க."

மஞ்சள் வியாபாரி இதையெல்லாம் கீழே உட்கார்ந்தபடியே கேட்டார். அவருடைய பிளக்கில் பச்சை ஒயரை எர்த் பின்னில் முறுக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துக் கொடுத்தேன். இரைச்சல் கேட்கத்தான் செய்தது. கேட்கட்டும் என்றேன். கைமாறாத பொருளுக்கு நான் அறைந்தது சட்டப்படி தப்பு, அதனால் கன்னத்தைக் காட்டினேன். அவரும் கூச்சப்படாமல் ஒன்று வைத்தார். நல்ல அறைதான், இடது கன்னத்தில்.

தினமும் காலையில் சவரம் செய்யும்போது, மாப்ள, வலது கன்னத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிடுகிறது. அங்கே விழ வேண்டியது இன்னும் விழவில்லை.