கிரகணத்தின் மேல் போட்ட பழி

3 மார்ச் 2025

குழந்தை வெண்மதி இன்று வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை ஓடினாள். அதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். இதயத்து ஓட்டையை ஆபரேஷன் செய்து அடைத்த பிறகும் இப்படித்தான். அத்தை பக்கத்திலேயே நின்றார், தூக்கவில்லை.

“என் கை ராசி கெட்ட கை நிர்மலா. நீயே தூக்கிக்கோ.”

தீபாவளிக்கு மறுநாள் கிரகணம் என்பதை மறந்து, மாசமாக இருந்த என்னைச் சோளத்தட்டு அறுக்க அனுப்பிவிட்டார். அதனால்தான் பேத்திக்கு இப்படி என்று ஏறக்குறைய இரண்டு வருஷமாகப் புலம்புகிறார். நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சீ.

11 மார்ச்

வீட்டுக்காரர் பிரபாகரும் நானும் தர்மபுரியில் வக்கீல் கோகிலவாணியைப் பார்த்தோம். முதல் கரு கலைந்த பிறகு அழுது அழுது தூக்கமே போய், மனநல டாக்டரிடம் மாத்திரை சாப்பிட்டதைச் சொன்னேன். வெண்மதி வயிற்றில் இருந்தபோதும் அதே மாத்திரைதான். அதனாலும் இதயத்தில் ஓட்டை வரலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

“மாத்திரையாலதான்னு நிரூபிக்கிறது கஷ்டங்க. சாப்பிடுற எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. ஆனா கர்ப்பம்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை எச்சரிக்கலையே, அத நுகர்வோர் கோர்ட்ல கேக்கலாம். டாக்டருக்குத் தெரியும்னு யாரு சொல்லுவாங்க?”

பிரபாகர் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தார். என்னோடு வந்தது அத்தைதான். தலைவலி டாக்டர் என்று சொல்லி அழைத்துப் போயிருந்தேன். போர்டு ஆங்கிலத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. “நாள் தள்ளிப் போயிருக்குங்க” என்று டாக்டரிடம் சொன்னதே அத்தைதான். டாக்டர் தலையாட்டிவிட்டு மறுபடி அதே மாத்திரையையே எழுதினார்.

“அப்ப அவங்கதான் சாட்சி. குழந்தைக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ள போட்டுடலாங்க.”

ஜூனில் முடிகிறது.

12 மார்ச்

அத்தையிடம் சொல்லவில்லை.

20 மார்ச்

இன்றும் இல்லை. பைத்தியக்கார மருமகள் என்று ஏரியூர் முழுக்கப் பேசுமே! மாத்திரை சாப்பிட்டதில் எனக்கு வெட்கமே இல்லை என்று எழுதிப் பார்க்கிறேன். இருக்கிறது. ஆனா அதுக்காக ஒரு பெரிய மனுஷி சொந்தப் பேத்தியத் தொடாம தள்ளி நிக்கறத நான் பாத்துட்டே இருக்கறதா? நானெல்லாம் என்ன பொம்பள?

6 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். அத்தை பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

“அப்ப என்னால இல்லியா?”

“எதனாலன்னு டாக்டருங்களுக்கே உறுதியா தெரியலீங்க அத்தை. கிரகணத்தால இல்ல.”

முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, “தெரிஞ்சிக்கிட்டே என்னைய எத்தினி வாட்டி அழவுட்ட?” என்றார்.

நான் முறத்தை எடுத்து மீதிப் பருப்பைப் புடைத்தேன்.

7 ஏப்ரல்

அத்தை வெண்மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார். என்னிடம் பேசவில்லை.

28 ஏப்ரல்

கூப்பிடாமலேயே அத்தை எங்களோடு தர்மபுரிக்குக் கிளம்பினார். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தார். வக்கீலிடம் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். “எதிர்த்தரப்புல கண்டிப்பா கேப்பாங்க. எதுக்கு மாமியார்கிட்ட மறைச்சீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: “என் வாய்க்குப் பயந்துதாங்க மறைச்சிருக்கா. தப்பு என்மேலதான்.”

இதையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாரே! தாங்க முடியவில்லை.

“இல்லீங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. பழி இவங்க மேல கெடந்தது எனக்கு வசதியா இருந்துச்சு.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வக்கீல் இரண்டையும் எழுதிக்கொண்டார்.