பொந்துக்குள் போட்ட புகை

என் செல்லத் தம்பி காசிமுக்கு,

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது. என்மேல் கோபம் இருந்தாலும் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

யுத்தத்தால் பெட்ரோல் இல்லை. பஸ்ஸெல்லாம் இப்போது கரியில் ஓடுகிறது. பாலக்கரையில் நம் கரிக்கடைக்கு நல்ல காலம். பச்சைமலையில் மரம் வெட்டக் குத்தகை எடுத்தேன். குருவி பார்க்க நீ அலைந்து திரிந்த அதே காடு.

அங்கே ஊரில் இல்லாத ஒரு குருவியைப் பார்த்ததாக நீ சொன்னபோது உன்னை எப்படியெல்லாம் கேலி செய்தேன்! "போடா, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்து உழவாரக் குருவிதான் காத்து வாங்க மலைக்கு வந்திருக்கு" என்பேன்.

"இல்லண்ணே. ரெண்டுக்கும் இடுப்பு வெள்ளை. ஆனா இதுக்கு வயிறும் வெள்ளை, மரப்பொந்துதான் வீடு. வால் நுனியில சின்னச் சின்ன முள்ளு இருக்கும். கையில வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்பாய். அது எவன் கையில் சிக்கும்?

என் கையில் சிக்கியது, தம்பி.

பொந்து மரத்தைக் கோடாலி தொடுமுன், பாம்புக்குப் பயந்து அடிமரத்து ஓட்டை வழியாக உள்ளே புகை போடுவது ஆட்களின் வழக்கம். போன வாரம் அப்படி ஒரு மரத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்து, இதில் குருவி ஏதும் உண்டா என்று மேஸ்திரியிடம் விசாரித்தேன். "நாள் பூரா பார்த்தேங்க முதலாளி, கிளையில ஒரு குருவிகூட உக்காரல" என்றார். சரி, போடுங்கள் என்றேன். கிளையில் உட்காரவே தெரியாத பறவை என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே, பாவி எனக்கு அப்போது மண்டையில் ஏறவில்லையே! விடியுமுன் போட்ட புகை. ஏழெட்டுதான் தப்பிப் பறந்தன. மரம் சாய்ந்தபின் உள்ளே கிடந்ததில் ஒன்றை எடுத்தேன். வயிறு வெள்ளை. வால் நுனி உள்ளங்கையில் குத்தியது.

தப்பியவை அன்று சாயங்காலம் பக்கத்துப் பொந்து மரத்தில் நுழைவதைப் பார்த்தேன். அதிலும் வெட்டுக்குறி போட்டவன் நான்தான். நாளை மறுநாள் அதற்குப் புகை.

நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன். "குருவிக்காக மரத்தை விடுறதா? முதலாளிக்குக் காய்ச்சல்ல புத்தி தடுமாறுது" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். ஆமாம், எனக்குக் காய்ச்சல்தான். உன்னைக் கொண்டுபோன அதே மலைக்காய்ச்சல். "இந்த உடம்போட மலையேறினா திரும்பி வரமாட்டீங்க" என்று உன் அண்ணி அழுகிறாள். அவள் சொல்வது பொய்யா?

நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன், அவளிடம் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், புகை போடும் அந்த அடிமரத்து ஓட்டையை முதுகால் அடைத்து உட்கார்ந்துவிடுவேன். என்னை எழுப்பிவிட்டுத்தான் அவர்கள் புகை போடவேண்டும். எழுப்ப முடிந்தால்.

உன் பேச்சைக் கேட்காத அண்ணன்,
இப்ராஹிம்