வெள்ளானூர்க் கல்லுக்கு எழுதிய சொல்

புரட்டாசி 20, திங்கள்

மூட்டம். மழை இல்லை. குடைக்கம்பி இரண்டு போச்சு, மேனாம்பேட்டில் சரிசெய்யக் கொடுக்க வேண்டும்.

ஹெட் கிளார்க் (இனி ஹெ.கி., அந்த மனுஷனுக்கு இத்தனை எழுத்தே அதிகம்) வெள்ளானூருக்கு விரட்டினார். வானத்திலிருந்து கல் விழுந்ததாம், பார்த்து ரிப்போர்ட் எழுத. உண்மைதான். பண்ணையாள் கன்னியப்பன் குடிசை வாசலில். தேங்காய் அளவு, கருகின நிறம், இரும்புக் கனம். அதற்குள் மிராசுதார் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அம்மனாக்கியாயிற்று. இதுநாள்வரை அந்தச் சேரிப் பக்கம் காலே வைக்காத பக்தர். விழுந்த இடத்தைவிட்டு நகர்த்தக்கூடாதாம், அங்கேயே கோயிலாம். மனை அவருடையது. குடிசையைப் பிரி என்று உத்தரவு.

கன்னியப்பன் பெண்டாட்டிக்கு ஒன்பதாம் மாசம். “இந்த நெலமைல எங்க சாமி இட்டுக்கினு போவேன்?” என்றான். வழி இருக்கிறது என்றேன். விண்ணிலிருந்து விழுகிற கல் சர்க்காருக்குச் சேர வேண்டியது. பட்டணத்து மியூசியத்திலிருந்து வந்து எடுத்துப் போவார்கள். கல் போனால் கோயிலும் இல்லை, குடிசை தப்பும். நானே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

புழுக்கம். ரிப்போர்ட்டில் ‘மீட்டியரைட்’ என்று எழுதினேன். ஹெ.கி. வெட்டி ‘மீட்டியர்’ என்று போட்டார். சின்னச் சொல்தான் கம்பீரமாம். வானத்தில் எரிந்துகொண்டு ஓடும் வெளிச்சம் மீட்டியர். எரிந்தது போக மிஞ்சித் தரைக்கு வரும் கல் மீட்டியரைட். கீழே வராமல் மேலேயே சுற்றுகிற பாறை ஆஸ்டிராயிட். இவ்வளவுதான் விஷயம். அகராதியை நீட்டினேன். திறக்கவில்லை, அதன்மேல் பொடிடப்பியை வைத்தார். “எனக்கே இங்கிலீஷ் சொல்லித்தர வந்துட்டியா?”

முட்டாள். அளவு, நிறம், கனம் எல்லாம் வளவளப்பு என்று கோடு போட்டு அடித்தார். மிஞ்சியது: வெள்ளானூரில் மீட்டியர் ஒன்று காணப்பட்டது. பக்கத்து மேஜைக்காரன் பேஷ் என்றான். ஜால்ரா.

அடுத்த மாசம் என் வேலை நிரந்தரமாக ஹெ.கி. சிபாரிசு வேண்டும். அழகாக நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ஐப்பசி 6, வியாழன்

தூறல். பட்டணத்திலிருந்து பதில். மீட்டியர் என்பது வானத்து ஒளி, எடுத்துப் போக ஒன்றுமில்லை, தகவலுக்கு நன்றி. ஹெ.கி. உரக்கப் படித்தார். மியூசியம் துரையே தன் சொல்லைத்தான் எழுதியிருக்கிறாராம்! என்ன ஜென்மமோ. ஒரு வரி திருத்தம் அனுப்பினால் போதும். கேட்க வாயெடுத்தேன், பைலைக் கட்டிவிட்டார். என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

வாங்க: சீயக்காய், விளக்குத் திரி.

ஐப்பசி 8, சனி

நல்ல மழை. ஆவடி ரோட்டில் கன்னியப்பன். தலையில் குடிசைக் கீற்று. பின்னால் பெண்டாட்டி, முந்தானைக்குள் பச்சைக் குழந்தை. காலையில்தான் பிரித்தார்களாம். ஒதுங்கப் பார்த்தேன், அவன் பார்த்துவிட்டான்.

“நீங்க எய்திப் போட்ட காயிதம் இன்னும் போய்ச் சேர்லியா சாமி?”

ஹெ.கி.யை இத்தனை நாள் திட்டினேன். அந்த ஆளுக்காவது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

சேரவில்லை என்றேன்.

“மழைல ரோடு கெட்டுக்கீது. மெள்ளத்தான் போவும்” என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு நடந்தான்.