வெள்ளைத்தாய் ஒருமுறைதான் இறந்தார்

அனுப்புநர்:
வீ. உக்கிரபாண்டி,
ஆயில் எஞ்சின் மெக்கானிக் (அனுபவம் 22 ஆண்டு),
மல்லாங்கிணறு,
காமராஜர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நிலைய இயக்குநர் அவர்கள்,
அணுமின் நிலையம்.

பொருள்: என் அக்காள் மகன் மு. முனீஸ்வரனின் வேலைநீக்க உத்தரவை ரத்து செய்யக் கோருதல், குற்றம் என்னுடையது என ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் காரியாபட்டி முதல் திருச்சுழி வரை நான் கை வைக்காத கிணற்று எஞ்சின் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வேன். நின்றுபோன கலெக்டர் ஜீப்பையே கிளப்பி விட்டிருக்கிறேன். ஆகவே தங்கள் நிலையத்து வேலை எனக்கு விளங்காது என்று தாங்கள் எண்ண வேண்டாம்.

2. எஞ்சினை நிறுத்தினால் என் வேலை முடிந்தது. உலையை நிறுத்தினால் அப்போதுதான் வேலை ஆரம்பம் என்று முனீஸ்வரன் சொல்லியிருக்கிறான். அடுப்பை அணைத்த பிறகும் சோற்றுப்பானை கொதிப்பது போல உள்ளே சூடு நாள்கணக்கில் இருக்குமாம். அதைத் தணிக்கும் தண்ணீரின் அழுத்தம் இறங்கினால், தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடுமாம். ஆகவே கேஜ் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாதாம். மெட்ராஸ் பட்டணம் எரியாமல் இருப்பதே என் மருமகன் கண்ணால்தான் என்று ஊரில் நான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னது உண்மை.

3. டீக்கடையில் பால்ச்சாமி என்பவர், "ஏலே உக்கிரபாண்டி, ஒம் மருமகன் அங்கன வாசல் கூட்டுறானோ என்னமோ" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. 1989 பங்குனிப் பொங்கலுக்கு அவனை அடையாள அட்டையோடு ஊர் நடுவே நிறுத்திக் காட்ட நினைத்தேன். லீவு இல்லை என்று எழுதிவிட்டான். எங்கள் பக்கம் இதற்குத் தந்தி கொடுப்பதே வழக்கம். 'தாய் கவலைக்கிடம்' என்றுதான் எல்லோரும் கொடுப்பார்கள். முந்தின வருடம் அவன் தங்கச்சி பிள்ளை காதுகுத்துக்கு அதை நான் கொடுத்தாகிவிட்டது. அதே வார்த்தைக்கு மறுபடி லீவு கிடைக்காது என்று யோசித்து, 'தாய் மரணம்' என்று கொடுத்தேன்.

4. மாலையும் கையுமாக அழுதுகொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினான். வாசலில் அவன் தாயார் வெள்ளைத்தாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்று அக்காள் என்னை விளக்குமாற்றால் அடித்தார். தங்களிடம் திரும்பி வந்து உண்மையைச் சொல்லப் பயந்து, அவனும் லீவுத் தாளில் தாய் இறப்பு என்றே எழுதிவிட்டான்.

5. சென்ற மாசியில் பருத்தி எடுக்கப் போன அக்காள் காட்டிலேயே விழுந்துவிட்டார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஓடிப்போய்த் தந்தி கொடுத்தேன். அப்போது தங்கள் உலையை நிறுத்தியிருந்தார்களாம். முனீஸ்வரன் தந்தியைக் கையில் வாங்கி, "மாமா வேலைதேன்" என்று பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டானாம். இங்கே நர்சம்மா, அக்காள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி வேறொரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கிக்கொண்டே இருந்தது. "தந்தி குடுத்தியா? நெசமாத்தேன் குடுத்தியா?" என்று அக்காள் கேட்டார். அதுவே கடைசிப் பேச்சு.

6. அவன் வராததால் உறவுக்காரர் காளிராஜை நேரில் அனுப்பி அழைத்து வந்தோம். வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பியவனுக்கு, ஏற்கனவே இறந்த தாயின் பெயரில் மீண்டும் விடுப்புக் கேட்டதாக வேலைநீக்க உத்தரவு காத்திருந்தது. அவன் பதில் எழுதவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். இம்மனு எழுதுவதும் அவனுக்குத் தெரியாது.

7. ஐயா, பொய் என்னுடையது. அவன் தங்கள் முள்ளை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. பெற்றவளுக்காகக் கூட எடுக்கவில்லை. தண்டனை எதுவானாலும் என் பெயரில் எழுதி, அவனை அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவில் நான் சேர்த்துச் சொன்னது கலெக்டர் ஜீப் ஒன்றுதான். அது தாசில்தார் ஜீப். கிளப்பவும் இல்லை, தள்ளிவிட்டேன்.

இடம்: மல்லாங்கிணறு
நாள்: 12.4.1991

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வீ. உக்கிரபாண்டி

இணைப்பு:
அ) வெள்ளைத்தாய் இறப்புச் சான்றிதழ்.
ஆ) முனீஸ்வரன் சட்டைப்பையில் இருந்த தந்தி. அவன் இன்னும் பிரிக்கவில்லை. தாங்கள் பிரித்துப் பார்க்கவும். அதில் உள்ளது நிஜம்.