படத்து உஸ்தாது

கெய்ரோ,
ரஜப் பிறை 5

ஸனூபாவின் வாப்பாவுக்கு, பஹானாவின் ஸலாம். நான் சொல்லச் சொல்ல, கடைத்தெரு எழுத்தர் எழுதுகிறார்.

பிள்ளையும் நானும் நலம். "இனி இந்த வாசலை மிதிக்காதீங்க" என்று சொன்னது நான்தான். அதற்காகச் சூயஸ் வரைக்குமா போவீர்கள்? கழுதையையும் விற்றுவிட்டீர்களாமே!

எனக்கு இன்னும் ஆறவில்லை. கழுதை ஓட்டுகிற உங்களை, தாடியைப் பார்த்து அந்த வெள்ளைக்கார ஓவியர் ஓதிக் கொடுக்கிற உஸ்தாது வேஷத்தில் உட்கார வைத்தார், சரி. மாணவனாக உட்கார்ந்த பையன் ஓடிப்போனால், என் மகளுக்குத் தொப்பி மாட்டி, ஆண்பிள்ளையாக்கி, அந்நியர் முன்னால் உட்கார வைப்பதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

தண்ணீர் எடுக்கப் போனால் கலீலின் உம்மா, "என்ன பஹானா, உன் புருஷன் உஸ்தாதாம்ல? எங்க பிள்ளைகளுக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் கொடுக்கச் சொல்லேன்!" என்று சிரிக்கிறாள். உங்களுக்கு முதல் எழுத்து அலிஃப் கூடத் தெரியாதென்று தெருவுக்கே தெரியும்.

பதில் போடுங்கள்.

பஹானா


சூயஸ்,
ஷஅபான் பிறை 2

என் பஹானாவுக்கு,

காப்பிக் கடைக் கணக்கர் எழுதித் தருகிறார். கப்பலுக்குக் கரி சுமக்கிறேன். தாடி கறுத்துவிட்டது, இனி எந்த ஓவியரும் கூப்பிட மாட்டார்.

கேட்டால் வேண்டாமென்பாய் என்றுதான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கேள். படத்துக்காக உட்கார்ந்திருந்தபோது, கையிலிருந்த கிதாபில் எழுத்துகளைக் காட்டி, "இது என்ன வாப்பா? இது?" என்று ஸனூபா துளைத்தெடுத்தாள். எனக்கென்ன தெரியும்? "இது படகு, கீழே எலுமிச்சம்பழம் விழுந்து கிடக்கு. இது வயித்துல முட்டை வச்ச கோழி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாள் ஒன்று விடாமல் ஒப்பிக்கிறாள்! அவளை நிஜமாகவே ஓத வைத்தால் என்ன?

நீ வரச் சொன்னால் வருவேன்.

மர்ஸூக்


கெய்ரோ,
மறுவருடம், ரஜப் பிறை 20

ஸனூபாவின் வாப்பாவுக்கு,

இத்தனை நாள் எழுதாதது கோபத்தால் அல்ல. அடுத்த மடல் நம் பிள்ளை கையால்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். இது அவள் எழுத்து.

உங்கள் மடல் வந்த வாரமே, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நபவிய்யா அம்மாவிடம் விட்டேன். அவர் பலகையில் வளைந்த கோடும் கீழே ஒரு புள்ளியுமாக 'பா' எழுதியதும் இவள் எழுந்து, "படகு! கீழே எலுமிச்சம்பழம்!" என்று கத்தியிருக்கிறாள். "யாரும்மா இப்படிச் சொல்லித் தந்தது?" என்று கேட்டதற்கு, "எங்க வாப்பா. அவங்க உஸ்தாது" என்றாளாம். இப்போது எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். கலீலின் உம்மாவுடைய பேத்தியும்.

ஓவியர் அந்தப் படத்தைப் போட்டோ பிடித்துக் கொடுத்தனுப்பினார். நாம் கண்ணால் பார்த்திராத கம்பளம், உங்கள் கையில் ஒரு பிரம்பு. "வாப்பா கையில பிரம்பு இல்லவே இல்ல! பொய்யா வரைஞ்சிருக்காரு" என்று இவளுக்கு ஒரே கோபம். நான் பிரம்பைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்க்கிற உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்புகிற மனுஷர், இப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். நீங்கள் கேட்காமல் போனதே நல்லதாயிற்று. அல்லாஹ் உங்களுக்கு அதற்கான கூலியைத் தரட்டும்.

பஹானா

வாப்பா, உம்மா இன்னும் நிறையச் சொன்னாங்க. அழுதுக்கிட்டே சொன்னதால பாதி விளங்கல. 'வரச் சொல்லு'ங்கறது மட்டும் நல்லா விளங்குச்சு.

ஸனூபா